கணுக்காலில் ஒரு முக்கூடல்: இடுப்புத் தளச் சிகிச்சைக்கும் அக்குபஞ்சருக்கும் புதிதாக வருகிறவர்களுக்கு

முக்கூடல் பக்கத்திலிருந்து ஓர் அக்கா வந்திருந்தார். வயது 46. பாளையங்கோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி என் அறைக்குள் நுழைந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, கழிப்பறை எங்கே இருக்கிறது என்பதுதான். போய்விட்டு வந்து உட்கார்ந்தவர், முதுகுவலி என்றார். முதுகைப் பார்த்தேன், பெரிதாக ஒன்றும் இல்லை. அரை மணி நேரம் வேறு கதைகள் பேசிய பிறகு, குரலைத் தாழ்த்தி, “இருமினால் சேலை நனைந்துவிடுகிறது, அம்மா. தங்கை மகள் சடங்குக்குக்கூட நான் போகவில்லை” என்றார்.

முப்பது வருடமாகப் பீடி சுற்றுகிறவர் அவர். மடியில் தட்டை வைத்துக்கொண்டு, காலை மடக்கி, காலையிலிருந்து ஒரே இருப்பு. எழுந்தால் கணக்குக் குறையும் என்று சிறுநீரை அடக்கிக்கொண்டே இருப்பது பழகிவிட்டது. புகையிலைத் தூசியால் ஓயாத இருமல். தண்ணீர் குடிக்காததால் மலச்சிக்கல். கசிவுக்குக் காரணம் தேடி நான் வெகு தூரம் போகவேண்டியிருக்கவில்லை.

நான் பிசியோதெரபிஸ்ட். இடுப்புத் தளத் தசைகளுக்கான சிகிச்சைதான் என் அன்றாட வேலை. அதன் ஒரு பகுதியாக அக்குபஞ்சர் ஊசியையும் பயன்படுத்துகிறேன். திருநெல்வேலிப் பக்கத்தில் இந்தச் சிகிச்சையைப் பற்றி முதன்முதலாகக் கேள்விப்பட்டு, போகலாமா வேண்டாமா என்று தயங்கி நிற்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஊசி உங்களுக்கு அவகாசம் வாங்கித் தரும். அந்த அவகாசத்தில் தசையைப் பழக்குவது உங்கள் வேலை. தசைப் பயிற்சியை விட்டுவிட்டு ஊசிக்கு மட்டும் வருகிறவர்களை நான் பரிவோடு திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

தூளி தளர்ந்ததா, இறுகியதா?

இடுப்பு எலும்பின் முன்பக்கத்திலிருந்து பின்னால் வால் எலும்பு வரை, தூளி கட்டியதுபோலத் தொங்கும் தசைகளையே இடுப்புத் தளம் என்கிறோம். சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் கீழிருந்து தாங்குவது அந்தத் தூளிதான். மூச்சை இழுக்கும்போது சற்றுக் கீழே இறங்கும், விடும்போது மேலே ஏறும். ஆண்களுக்கும் இது உண்டு. புராஸ்டேட் ஆபரேஷனுக்குப் பிறகு சிறுநீர் சொட்டும் அண்ணாச்சிமார் பலருக்கு இது தெரியாது.

தூளி தளர்ந்தால் இருமும்போதும் தும்மும்போதும் குடத்தைத் தூக்கும்போதும் கசியும். அடியில் ஏதோ இறங்கி நிற்பதுபோல் கனக்கும். தூளி இறுகிப்போனாலோ கதை வேறு. கணவனோடு சேரும்போது வலி, சிறுநீர் வரத் தாமதம், மலம் கழிக்கச் சிரமம், உட்கார்ந்தால் வால் எலும்பைச் சுற்றிக் குடைச்சல் என்று வரும்.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் வீடியோவைப் பார்த்து இறுக்கும் பயிற்சியைச் செய்வதுதான் நான் அடிக்கடி காணும் தவறு. ஏற்கெனவே இறுகிக் கிடக்கும் தசையை மேலும் இறுக்கினால் வலி கூடும். அவர்களுக்கு முதலில் வேண்டியது தளர்த்தும் பயிற்சி. ஊசி நன்றாகக் கைகொடுப்பதும் பெரும்பாலும் இங்கேதான். புட்டத்திலும் இடுப்பைச் சுற்றியும் முடிச்சு விழுந்த தசையில் ஊசி இறங்கும்போது அது ஒருமுறை துடித்துவிட்டு இளகுவதை விரலால் உணர முடியும்.

முதலில் டாக்டர்

என்னிடம் வருவதற்கு முன்னால் ஒரு டாக்டரைப் பாருங்கள். சிறுநீர்ப் பரிசோதனையும் சர்க்கரைப் பரிசோதனையும் கட்டாயம். சிறுநீரில் கிருமி இருந்தாலும் சர்க்கரை கூடியிருந்தாலும் அடிக்கடி போகத் தோன்றும். அதற்கு ஊசி மருந்தாகாது.

சில அறிகுறிகளோடு யாரும் ஊசி வைக்கக் காத்திருக்கக் கூடாது. சிறுநீரில் ரத்தம், மாதவிடாய் நின்றபிறகு மீண்டும் ரத்தப்போக்கு, காரணமில்லாத எடைக்குறைவு, காய்ச்சலோடு அடிவயிற்று வலி ஆகியவை இருந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போகவேண்டும். உட்காரும் இடமும் தொடையின் உட்புறமும் மரத்துப்போய், சிறுநீர் வராமலோ தானாக வெளியேறியோ போனால் அது தண்டுவட நரம்புகள் நசுங்கும் அவசர நிலை. அன்றைக்கே, அந்த மணி நேரத்திலேயே கிளம்புங்கள். ஹைகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அவசரப் பிரிவு இரவும் பகலும் இயங்குகிறது.

மூன்று நாள் கணக்கு

அடுத்த வேலை வீட்டில். தினத்தாள் காலண்டரில் கிழித்த தாள் மூன்று எடுங்கள். பின்பக்கம் வெறுமையாகத்தான் இருக்கும். மூன்று நாள், எத்தனை மணிக்கு என்ன குடித்தீர்கள், எத்தனை மணிக்குச் சிறுநீர் கழித்தீர்கள், எப்போது கசிந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று எழுதுங்கள். அளவு தெரிந்த ஒரு பிளாஸ்டிக் கோப்பையை இதற்கென்று ஒதுக்கி, ஒவ்வொரு முறையும் எவ்வளவு வந்தது என்றும் குறித்தால் இன்னும் நல்லது. எழுதத் தெரியாத ஆச்சிமாருக்கு, போனால் ஒரு கோடு, கசிந்தால் ஒரு புள்ளி போதும்.

முக்கூடல் அக்காவின் தாள் இப்போதும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. காலை 6 மணிக்கு ஒரு காப்பி, 11 மணிக்கு ஒரு டீ, 4 மணிக்கு ஒரு டீ. தண்ணீர் என்ற சொல்லே முதல் நாளில் இல்லை. கசிந்துவிடும் என்று பயந்து தண்ணீரைக் குறைத்திருக்கிறார். தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர்த்தியாகிச் சிறுநீர்ப்பையை உறுத்தும், அவசரம் இன்னும் கூடும். ஆனித் தேரோட்டத்துக்கு வரும் பெண்கள் கழிப்பறைக்குப் பயந்து விடியலிலிருந்தே தொண்டையை நனைக்காமல் நிற்பதை நெல்லையப்பர் ரதவீதியில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும். இவ்வளவு பெரிய விழாவில் பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறை போதுமான அளவில் இருந்தால், அதுவே ஒரு சிகிச்சை.

யாரிடம் போவது

பிசியோதெரபி படிப்பது ஒரு பாடம், அதில் இடுப்புத் தளத்துக்கென்று பயிற்சி பெறுவது தனிப் பாடம், ஊசி வைக்கக் கற்றுக்கொள்வது மூன்றாவது பாடம். மூன்றும் உள்ளவரா என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. கேள்விக்கு முகம் சுளிக்கிறவரிடம் உடம்பைக் கொடுக்கவேண்டாம். பிசியோதெரபி இப்போது 2021-இல் வந்த தேசிய இணை சுகாதாரத் தொழில்கள் சட்டத்தின் கீழ் வருகிறது. அக்குபஞ்சரை மத்திய அரசு 2019-இல் தனி மருத்துவ முறையாக ஏற்றது. இயற்கை மருத்துவப் பட்டப் படிப்பிலும் அக்குபஞ்சர் ஒரு பாடம். ஆகையால் இடுப்புத் தளப் பயிற்சி ஓரிடத்திலும் ஊசி வேறிடத்திலும் அமைவதும் உண்டு. அப்படியானால் இருவருக்கும் ஒருவரையொருவர் தெரியும்படி நீங்கள் பார்த்துக்கொள்ளவேண்டும்.

நம் பக்கத்தில் அக்குபஞ்சர் என்ற பெயரில் நாடி பார்த்து, விரலால் ஒரு புள்ளியைத் தொட்டு அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். நான் இங்கே பேசுவது அதையல்ல, மெல்லிய ஊசியை உள்ளே செலுத்தும் முறையை. யாராக இருந்தாலும், “சர்க்கரை மாத்திரையை நிறுத்து, பிரஷர் மாத்திரையைத் தூக்கிப் போடு, ஸ்கேன் எடுக்காதே” என்று சொன்னால் அந்த வாசலை விட்டு இறங்கிவிடுங்கள். இதில் எனக்குச் சமரசம் கிடையாது. மாத்திரையை நிறுத்திவிட்டுக் காலில் புண்ணோடு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

முதல் நாளில் ஊசி இல்லை

முதல் நாள் பெரும்பாலும் பேச்சுதான். எத்தனை பிரசவம், தையல் போட்டார்களா, ஆயுதம் போட்டு எடுத்தார்களா, கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்களா, மலம் எப்படிப் போகிறது, உறவில் வலி இருக்கிறதா என்று கேட்பேன். பதில் சொல்லக் கூச்சமாக இருந்தால், “அதை இன்னொரு நாள் சொல்கிறேன்” என்று சொல்லலாம்.

பிறகு பரிசோதனை. வயிறு, இடுப்பு, முதுகு, மூச்சு விடும் விதம் எல்லாம் பார்ப்போம். தசையின் வலுவைச் சரியாக அறிய, கையுறை அணிந்து உள் பரிசோதனை செய்வது உண்டு. உங்கள் சம்மதம் இல்லாமல் அதைச் செய்யக் கூடாது. பாதியில் நிறுத்தச் சொன்னாலும் அந்த நொடியே நிறுத்தவேண்டும். மாமியாரோ மதினியோ கூட நிற்கட்டும் என்றால் நிற்கலாம், வெளியே இருக்கட்டும் என்றாலும் அது உங்கள் விருப்பம். வேண்டவே வேண்டாம் என்றால் வெளியிலிருந்தே கையாலும் கண்ணாலும் ஓரளவு கணிக்கலாம்.

ஊசி வைப்பதற்கு முன் சிலவற்றை நீங்கள் மறைக்காமல் சொல்லவேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, இதயத்தில் பேஸ்மேக்கர் அல்லது செயற்கை வால்வு இருக்கிறதா, வலிப்பு வந்ததுண்டா, ஊசியைக் கண்டால் மயங்குவீர்களா, நாள் தள்ளிப் போயிருக்கிறதா. பேஸ்மேக்கர் இருந்தால் மின்சாரம் சேர்த்த ஊசி கூடாது. கர்ப்பமாக இருந்தால் கணுக்கால், அடிவயிறு, கீழ் முதுகுப் புள்ளிகளைச் சிகிச்சையாளர்களில் பலர் தவிர்ப்பார்கள்.

ஊசி வைக்கும் நாள்

வெறும் வயிற்றோடு வராதீர்கள். இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டு வாருங்கள். பசியோடு படுத்தால் தலைசுற்றல் வரும். முழங்கால் வரை எளிதாக ஏற்றிக்கொள்ளக்கூடிய உடை போதும். வந்ததும் கழிப்பறைக்குப் போய்விட்டுப் படுங்கள்.

ஊசி என்றதும் பெனிசிலின் ஊசி நினைவுக்கு வந்து பலருக்குக் கை நடுங்குகிறது. இது வேறு. கால் மில்லிமீட்டர் தடிமன்தான் இருக்கும், உள்ளே துவாரம் கிடையாது, மருந்தும் கிடையாது. உறையை உங்கள் கண்முன் பிரிக்கவேண்டும். ஒருமுறை பயன்படுத்திய ஊசியை மறுமுறை யாருக்கும் வைக்கக் கூடாது. எடுத்த ஊசி குப்பைக் கூடைக்குப் போகாமல், துளைபடாத வெள்ளைப் பெட்டிக்குள் விழவேண்டும். 2016-இன் மருத்துவக் கழிவு விதிகள் கூர்முனைக் கழிவுக்கென்று ஒதுக்கியது அந்தப் பெட்டிதான். படுத்திருக்கும்போதே கண்ணை ஓட்டிப் பாருங்கள், பெட்டி இருக்கிறதா என்று.

அவசரமாகச் சிறுநீர் வருகிறவர்களுக்கு நான் முதலில் தேடும் இடம் கணுக்கால். உள்பக்கக் கணுக்கால் முட்டிலிருந்து நான்கு விரல் அகலம் மேலே, முன்கால் எலும்பின் பின் ஓரம். சீன மருத்துவத்தில் இந்தப் புள்ளியின் பெயர் சான்யின்ஜியாவ். மூன்று யின் பாதைகள், அதாவது உடம்பில் உயிர்ச்சக்தி ஓடுவதாக அந்த மருத்துவம் சொல்லும் பாதைகளில் மூன்று, கூடும் இடம் என்று பொருள். மூன்று கூடுமிடத்தை நாம் என்னவென்று சொல்வோம்? அந்த அக்காவிடம் இதைச் சொன்னபோது, “எங்கள் ஊரையா காலில் வைத்திருக்கிறீர்கள்?” என்று அவர் சிரித்ததுதான், அவர் என் அறையில் சிரித்த முதல் சிரிப்பு.

காலில் குத்தினால் சிறுநீர்ப்பைக்கு எப்படிப் போகும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். அந்த இடத்தை ஒட்டி ஓடும் கால் நரம்பும், சிறுநீர்ப்பையை ஆளும் நரம்புகளும், முதுகின் அடியில் திருவெலும்புப் பகுதியில் ஒரே வேர்களிலிருந்து கிளம்புகின்றன. ஒரே கம்பத்திலிருந்து இரண்டு வீட்டுக்குப் போகும் மின்கம்பிபோல. ஒரு கம்பியில் இதமான தூண்டுதல் போனால் மறு கம்பியின் படபடப்பு தணிகிறது. இந்தப் புள்ளியை அடியொற்றித்தான் நவீன மருத்துவத்தில் கால் நரம்புத் தூண்டல் சிகிச்சையும் உருவானது. ஊசியில் மெல்லிய மின்சாரம் கொடுத்து, வாரம் ஒரு முறை 30 நிமிடம், 12 வாரம் செய்வார்கள். ஊசி சரியான இடத்தில் இருந்தால் கால் பெருவிரல் தானாக ஒருமுறை மடங்கும், அல்லது உள்ளங்காலில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். அதைப் பார்த்ததும் பலருக்கு நம்பிக்கை வந்துவிடுகிறது.

கசிவுக்கும் வலிக்கும் கீழ் முதுகில், திருவெலும்பின் துளைகளை ஒட்டி ஊசி வைப்பதுண்டு. தொப்புளுக்குக் கீழே சில புள்ளிகள் உண்டு. குத்தும் நொடியில் கொசு கடித்ததுபோல் ஒரு சுருக், பிறகு கனமாக, மந்தமாக ஓர் உணர்வு பரவும். அது வேண்டிய உணர்வுதான். கூர்மையாக, மின்னல் வெட்டியதுபோல் வலித்தால் பொறுத்துக்கொள்ளாதீர்கள், உடனே சொல்லுங்கள். இருபது முப்பது நிமிடம் அப்படியே படுத்திருக்கவேண்டும். சிலர் குறட்டை விட்டுத் தூங்கிவிடுவார்கள். ஊசியை எடுக்கும்போது வைத்த எண்ணிக்கையும் எடுத்த எண்ணிக்கையும் சரியா என்று நான் வாய்விட்டு எண்ணுவேன். உங்கள் சிகிச்சையாளர் எண்ணாவிட்டால் நீங்கள் எண்ணுங்கள்.

ஓரிரு சொட்டு ரத்தம், சிறிய கன்றல், அன்று முழுதும் அசதி ஆகியவை வரலாம். பயப்படவேண்டாம். குத்திய இடம் சிவந்து வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ தெரிவியுங்கள். உடனே எழுந்து பஸ் பிடிக்க ஓடாமல், பத்து நிமிடம் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

இது பலிக்கிறதா?

நியாயமான கேள்வி. சீனாவில் 504 பெண்களிடம் செய்த ஆய்வு 2017-இல் வந்தது. இருமினால் கசியும் பெண்களுக்கு, கீழ் முதுகில் மின்சாரம் சேர்த்த ஊசி, ஆறு வாரத்தில் 18 முறை. பஞ்சு வைத்து எடை பார்த்ததில் கசிவு சராசரியாக 9.9 கிராம் குறைந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பொய் ஊசி, அதாவது பாவனைக்கு மட்டும் ஊசி, வைக்கப்பட்டவர்களுக்கு 2.6 கிராம் குறைந்தது. கர்ப்ப காலத்தில் இடுப்பு வளைய வலி வந்த 386 பெண்களிடம் ஸ்வீடனில் 2005-இல் செய்த ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு ஊசியோ உடற்பயிற்சியோ சேர்த்தபோது வலி கூடுதலாகக் குறைந்தது. ஆண்களின் நாள்பட்ட இடுப்பு வலிக்கு 440 பேரிடம் செய்த ஆய்வு 2021-இல் வெளியானது. எட்டு வாரத்தில் 20 முறை ஊசி வைத்தவர்களில் 60.6 சதவீதம் பேருக்கும், பொய் ஊசி வைத்தவர்களில் 36.8 சதவீதம் பேருக்கும் குறிப்பிடத்தக்க நிவாரணம் கிடைத்தது.

இந்தக் கடைசி எண்களை நிதானமாகப் பாருங்கள். பொய் ஊசிக்கே மூன்றில் ஒருவருக்கு மேல் குணம் தெரிந்திருக்கிறது. படுத்து ஓய்வெடுப்பதும், ஒருவர் நம் வலியைக் காதுகொடுத்துக் கேட்பதும்கூட உடம்புக்கு நல்லது செய்கின்றன. ஊசிக்கென்று அதற்கு மேலும் ஒரு பங்கு இருக்கிறது. ஆனால் இறங்கிய கர்ப்பப்பையை ஊசி மேலே ஏற்றாது. அதற்குப் பயிற்சி, கர்ப்பப்பையைத் தாங்க உள்ளே பொருத்தும் வளையம், தேவைப்பட்டால் ஆபரேஷன்.

வீட்டில் செய்யவேண்டியது

முழங்காலை மடக்கி மல்லாந்து படுங்கள். கூட்டத்தில் வாயு பிரிந்துவிடாமல் அடக்குவதுபோல் ஆசனவாயைச் சுருக்கி, அந்தச் சுருக்கத்தை முன்பக்கம் வரை கொண்டுவந்து, உள்ளே மேல்நோக்கி இழுங்கள். புட்டம் இறுகக் கூடாது, தொடை ஒட்டக் கூடாது, மூச்சு நிற்கக் கூடாது. வாய்விட்டு எண்ணினால் மூச்சு தானாக ஓடும். முடிந்த மட்டும் எட்டு எண்ணும்வரை பிடித்து, அதே அளவு நேரம் முழுதாகத் தளரவிடுங்கள். எட்டு முறை ஒரு சுற்று, ஒரு நாளைக்கு மூன்று சுற்று, குறைந்தது மூன்று மாதம். முதல் வாரத்தில் மூன்று எண்ணுவதற்குள் நழுவினால் மூன்றே போதும். சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்திப் பழகாதீர்கள், அது சிறுநீர்ப்பையைக் குழப்பும்.

இருமல் வரப்போகிறது என்று தெரிந்ததும், இருமுவதற்கு ஒரு நொடி முன்னால் இறுக்குங்கள். குடத்தைத் தூக்குமுன்னும் அப்படியே. இந்த ஒரு பழக்கமே பலருடைய சேலையைக் காப்பாற்றியிருக்கிறது.

இறுகிய தளம் உள்ளவர்கள் மேலே சொன்னதைச் செய்யவேண்டாம். அதே நிலையில் படுத்து, வயிறு எழும்ப மூச்சை இழுத்து, அடித்தளம் பூ விரிவதுபோல் தளர்வதைக் கவனித்தபடி ஐந்து நிமிடம் கிடங்கள். ஊசி வைத்த அன்று மாலை இதைச் செய்தால் பலன் நன்றாகத் தெரிகிறது.

வெஸ்டர்ன் கழிப்பறை என்றால் காலடியில் ஒரு சிறு முக்காலி வைத்துக்கொள்ளுங்கள், முக்கவேண்டியிருக்காது. பீடி சுற்றுகிறவர்கள், தறியில் இருக்கிறவர்கள், பத்தமடையில் பாய் நெய்கிறவர்கள் எல்லோரும் இரண்டரை மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, வந்தாலும் வராவிட்டாலும், எழுந்து போய்விட்டு வாருங்கள். நடமாட முடியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லிவையுங்கள்.

ஆறாவது வாரம்

வாரம் ஒரு முறை ஊசி. ஆறாவது முறை முடிந்ததும் மறுபடியும் மூன்று காலண்டர் தாள் எழுதுங்கள். பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். புள்ளிகள் குறைந்திருந்தால் தொடரலாம். ஒரு மாற்றமும் இல்லை என்றால் நான் ஊசியை நிறுத்திவிட்டு, பெண் நோய் மருத்துவரிடமோ சிறுநீர்ப்பாதை மருத்துவரிடமோ கடிதம் எழுதி அனுப்புவேன். ஐம்பது தடவைக்கு முன்பணம் கட்டச் சொல்கிறவர்களிடம் கட்டாதீர்கள்.

முக்கூடல் அக்காவின் முதல் தாள்களில் மூன்று நாளில் பதினேழு புள்ளிகள். ஆறாவது வாரத்தில் ஏழு. அவசரம் தணிந்ததும் தைரியமாகத் தண்ணீர் குடிக்கத் தொடங்கினார், மலச்சிக்கல் விட்டது, பயிற்சி பிடிபட்டது. பன்னிரண்டாவது வாரத்தில் இரண்டு புள்ளிகள், இரண்டும் தும்மலுக்கு. ஊசியின் பலன் சில மாதத்தில் தேயலாம் என்பதால் இப்போது மாதம் ஒருமுறை மட்டும் வருகிறார். போன மாதம் வந்தபோது கழிப்பறையைக் கேட்கவில்லை. பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து, பாதியைக் குடித்துவிட்டு, காலை நீட்டிப் படுத்துக்கொண்டார்.